யாரும் கேட்காத ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாள் தூங்க விடல. ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, நான் மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். சொந்தமா ஒரு ஓஎஸ் எழுதணும்னு ஆசை. விண்டோஸ் இருக்கு, லினக்ஸ் இருக்கு, இன்னொண்ணு யாருக்கு வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க. எழுதலாமா, வேண்டாமா?"

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்தக் கேள்வியை எட்டு வருஷத்துக்கு முன்னாடி நானே கேட்டிருக்கேன். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான். முதல்ல நான் தோத்த கதை, அப்புறம் ஒருத்தர் ஜெயிச்ச கதை. ஜெயிச்சதுன்னா என்னன்னு கடைசியில பேசுவோம்.

ஹாஸ்டல் அறையில் ஒரு எழுத்து

காலேஜ்ல நாங்க நாலு பேர். செமஸ்டர் லீவுக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி, மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்து, "நாமளே ஒரு ஓஎஸ் எழுதுவோம்"னு முடிவு பண்ணோம். பேரு வைக்கிறதுக்கு மட்டும் மூணு நாள் ஆச்சு. லோகோ வரைய ஒரு நாள். கோட் எழுத ஆரம்பிச்சது அஞ்சாவது நாள்.

பழைய பயாஸ் முறையில ஒரு கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்கும்னு தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். பவர் பட்டனை அமுக்கினதும் பயாஸ் போய் டிஸ்கோட முதல் செக்டாரைப் படிக்கும். மொத்தம் 512 பைட். அதுல கடைசி ரெண்டு பைட்ல ஒரு குறிப்பிட்ட முத்திரை இருக்கணும். இருந்தா, "சரி, இது பூட் ஆகக்கூடிய டிஸ்க்"னு நம்பி உங்க கோடுக்கு வழி விட்டுடும். அவ்வளவுதான் அது தர்ற உதவி. அதுக்கப்புறம் மெமரியைப் பிரிக்கிறது, ப்ராசஸரை 16 பிட்ல இருந்து 32 பிட்டுக்கு மாத்துறது, திரையில எழுத்தைக் காட்டுறது எல்லாம் உங்க பொறுப்பு. பிரிண்ட்எஃப் கிடையாது. மாலாக் கிடையாது. நீங்க எழுதினாத்தான் இருக்கும்.

திரையில முதல் எழுத்து வந்தப்ப நாங்க போட்ட கூச்சல்ல வார்டன் கதவைத் தட்டினார். அடுத்தது கீபோர்டு. கீபோர்டுல 'ஏ'ங்கற விசையை அமுக்கினா கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து வராது. 30ங்கற எண் வரும். விரலை எடுத்தா 128ஐக் கூட்டி 158 வரும். அந்த எண்ணை எழுத்தா மாத்தறது நம்ம வேலை. ஷிஃப்ட் அமுக்கியிருக்கா, கேப்ஸ்லாக் போட்டிருக்கான்னு கணக்கு வெச்சுக்கறதும் நம்ம வேலைதான்.

எங்க கோடுல முதல் எழுத்து வந்துச்சு. ரெண்டாவது எழுத்து வரவே இல்ல. எந்த விசையை அமுக்கினாலும் ஒண்ணே ஒண்ணு. அப்புறம் மௌனம். ஒன்பது நாள் தேடினோம். காரணம் என்னன்னா, ஒவ்வொரு இன்டரப்ட் வந்து முடிஞ்சதும், "கிடைச்சது, அடுத்ததை அனுப்பு"ன்னு கன்ட்ரோலர் சிப்புக்கு ஒரு பதில் சொல்லணும். நாங்க சொல்லல. அது பாவம், எங்க பதிலுக்காகக் காத்துக்கிட்டே நின்னுது. ஒரே ஒரு வரி கோட். அதை எழுதினதும் எழுத்துகள் கொட்ட ஆரம்பிச்சுது.

அந்த ஒன்பது நாள்ல இன்டரப்டைப் பத்தி நான் கத்துக்கிட்டதை எந்தப் பேப்பரும் எனக்குச் சொல்லித் தரல. ஆனா கதை அங்கேயே நின்னுபோச்சு. லீவு வந்தது, ப்ளேஸ்மென்ட் வந்தது. ஒருத்தன் வேலைக்குப் போனான், ஒருத்தன் மேல படிக்கப் போனான். எங்க ரெப்போவோட கடைசி கமிட் மெசேஜ் "ஃபைல் சிஸ்டம், நாளைக்கு". அந்த நாளை இன்னும் வரல.

ரொம்ப நாள் நான் நினைச்சுக்கிட்டிருந்தது, எங்களுக்குத் திறமை பத்தலன்னு. அப்படியில்லன்னு புரிய வெச்சது செரினிட்டிஓஎஸ்.

ஒரு ஆள், நிறைய நேரம்

ஸ்வீடன்ல ஆண்ட்ரியாஸ் க்லிங்னு ஒரு ப்ரோக்ராமர். நோக்கியாவிலயும் ஆப்பிள்லயும் வேலை பார்த்தவர். சஃபாரிக்கு அடியில ஓடற வெப்கிட் எஞ்சின்ல பல வருஷ அனுபவம். ஆக, இவர் ஒண்ணும் தெரியாம ஆரம்பிச்சவர் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் ஏமாறக்கூடாது.

ஆனா அவர் ஆரம்பிச்ச சூழ்நிலை வேற. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்து, அதுல இருந்து மீண்டு வந்துக்கிட்டிருந்த நேரம். இதை அவரே வெளிப்படையா, எந்தக் கூச்சமும் இல்லாமப் பேசியிருக்கார். ஒரு பழக்கம் போனா அது எடுத்துக்கிட்டிருந்த நேரம் மொத்தமும் கையில வெறுமனே நிக்கும். அந்த நேரத்தை என்ன பண்றது? அவருக்குத் தெரிஞ்ச வேலை ப்ரோக்ராமிங். சின்னச் சின்னதா எழுதிப் பார்த்துக்கிட்டிருந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, 2018 அக்டோபர் 10ஆம் தேதி முதல் கமிட் போட்டார். மீட்சிக் கூட்டங்கள்ல சொல்ற ஒரு பிரார்த்தனை இருக்கு. அதோட பேர்ல இருந்துதான் செரினிட்டிங்கற பேரை எடுத்தார். செரினிட்டின்னா மன அமைதி. தனக்கே ஒரு ஞாபகக் குறிப்பா அந்தப் பேர் இருக்கட்டும்னு வெச்சது.

பாருங்க, அந்த முதல் நாள்ல அந்த ஓஎஸ் யாருக்கும் தேவைப்படல. சந்தை ஆராய்ச்சி இல்ல, பிட்ச் டெக் இல்ல. அது தேவைப்பட்டது ஒரே ஒருத்தருக்கு. அடுத்த நாளை ஓட்டறதுக்காக.

தோற்றத்துல அது தொண்ணூறுகளோட டெஸ்க்டாப். சாம்பல் நிற பட்டன், கூரான விளிம்பு, கீழே டாஸ்க்பார். விண்டோஸ் 95ல கேம் விளையாடி வளர்ந்தவங்களுக்குப் பார்த்த உடனே ஒரு மாதிரி ஆகிடும். உள்ளே யூனிக்ஸ் மாதிரியான கெர்னல், டெர்மினல், ஷெல். அவருக்குப் பிடிச்ச ரெண்டு காலத்தையும் ஒண்ணா ஒட்டினார்.

எல்லாமே வீட்டுச் சமையல்

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. நாம சாதாரணமா "சொந்த ஓஎஸ்"னு சொல்றது என்ன? லினக்ஸ் கெர்னலை எடுத்து, வால்பேப்பரை மாத்தி, புதுப் பேர் வைக்கிறது. தப்பு சொல்லல, அதுலயும் வேலை இருக்கு. ஆனா செரினிட்டியில ஒரு கறாரான விதி இருந்துச்சு. அடிப்படைச் சிஸ்டத்துக்குள்ள வெளி ஆளோட லைப்ரரி வரக்கூடாது. கெர்னல் சொந்தம். சி லைப்ரரி சொந்தம். ஸ்ட்ரிங், வெக்டர், ஹேஷ்மேப் சொந்தம், சி பிளஸ் பிளஸ்ஸோட ஸ்டாண்டர்ட் லைப்ரரியைக்கூடத் தொடல. படத்தைத் திறக்கிற டீகோடர், எழுத்துரு வரையற கோட், ஜன்னல்களை நிர்வகிக்கிற சர்வர், டெக்ஸ்ட் எடிட்டர், பியானோ, படம் வரையற ஆப் எல்லாம் வீட்டுச் சமையல். வேணும்னா பாஷ், டூம் மாதிரி வெளி மென்பொருளைத் தனியா போர்ட் பண்ணி ஓட்டிக்கலாம். ஆனா சமையலறைக்குள்ள அதுக்கு இடமில்ல.

கேட்டா பைத்தியக்காரத்தனமாத் தெரியும். ஒரு பிஎன்ஜி டீகோடர் உலகத்துல ஏற்கெனவே இருக்கு, பல வருஷம் சோதிச்சது, எதுக்கு மறுபடி எழுதணும்? ஆபீஸ்ல யாராவது இப்படிச் சொன்னா நானே கோட் ரிவ்யூவுல திட்டுவேன்.

ஆனா தன்னார்வலர்கள் கண்ணால பாருங்க. பெரிய திறந்த மூலத் திட்டங்கள்ல புதுசா ஒருத்தர் வந்தா என்ன நடக்கும்? கஷ்டமான, சுவாரஸ்யமான வேலையெல்லாம் ஏற்கெனவே முடிஞ்சிருக்கும். மிச்சம் இருக்கறது டாக்குமெண்டேஷன்ல எழுத்துப்பிழை. இங்க அப்படியில்ல. எழுதாத விஷயங்கள் மலை மாதிரி கிடக்கு. காலேஜ் பையன் வந்து ஜேபெக் டீகோடர் எழுதலாம். நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதலாம். ஆபீஸ்ல நமக்கு யாரும் தராத வேலை அது.

இன்னொண்ணு, எல்லாம் ஒரே ரெப்போவுல இருக்கு. ஃபைல் மேனேஜர்ல ஒரு பிரச்சினை. நூல் பிடிச்சுக்கிட்டே போனா சி லைப்ரரிக்குள்ள போகுது. அங்கிருந்து கெர்னலுக்குள்ள போகுது. சாதாரணமா இந்த மூணும் மூணு வேற திட்டம், மூணு வேற ஆளுங்க. "எங்க பக்கம் பிரச்சினை இல்ல, அவங்களைக் கேளுங்க"ன்னு கவுன்ட்டர் கவுன்ட்டரா அலைய விடுவாங்க. இங்க மேலேருந்து அடி வரைக்கும் நீங்களே இறங்கிப் போய்ச் சரிபண்ணி, ஒரே தடவையில அனுப்பலாம். ஒரு கம்ப்யூட்டரை முழுசாப் புரிஞ்சுக்கற வாய்ப்பு இந்தக் காலத்துல ரொம்பக் குறைவு.

ஆள் எப்படிச் சேர்ந்தாங்க?

க்லிங் யூட்யூப்ல வீடியோ போட ஆரம்பிச்சார். மேடைப் பேச்சு மாதிரி கிடையாது. பக் ஒண்ணை எடுத்துக்கிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தேடி, தப்பாப் போய், திரும்பி வந்து, சரிபண்றதை அப்படியே காட்டுவார். "இது ஏன் இப்படி வருதுன்னு எனக்குத் தெரியல"ன்னு சத்தமாச் சொல்லிட்டுத் தேடுவார். அனுபவசாலி ஒருத்தர் தடுமாறுறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதுல பெரிய ஆறுதல். எங்க நாலு பேருக்கும் அந்த ஒன்பது நாள் தேடல் ஒரு அவமானமாத் தெரிஞ்சுது. அவருக்கு அது அன்னாட வேலை.

பார்த்தவங்க கோட் அனுப்ப ஆரம்பிச்சாங்க. பத்து, அம்பதுன்னு வளர்ந்து, நூத்துக்கணக்கானவங்க. சம்பளம் கிடையாது. அங்க ரெண்டு பழக்கம் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. ஒண்ணு, டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ண ரெடிமேட் ஐஎஸ்ஓ ஃபைல் கொடுக்கல. வேணுமா, சோர்ஸை எடுத்து நீங்களே பில்ட் பண்ணுங்க. வாசல்லயே ஒரு படி வெச்ச மாதிரி. அந்தப் படியை ஏறினவர் பாதி டெவலப்பர் ஆகிட்டார். ரெண்டாவது, "இந்த வசதி எப்ப வரும்?"னு கேட்டா, "நீங்களே எழுதலாம்"ங்கற மாதிரி பதில்தான். கொஞ்சம் முரட்டுத்தனமாத் தோணலாம். ஆனா சம்பளமில்லாம வேலை செய்யறவங்களை வாடிக்கையாளர் கூட்டம் விரட்டாம இருக்க அது ஒரு வேலி.

நானும் அந்தப் படியை ஏறினேன். ஒரு சனிக்கிழமை, என் பழைய லேப்டாப்ல கம்பைலரையே முதல்ல கம்பைல் பண்ணணும். மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்துச்சு. அம்மா வந்து, "என்னடா, அடுப்பு மாதிரி கொதிக்குது"ன்னு கேட்டாங்க. கடைசியில க்யூஎமுவுல அந்தச் சாம்பல் நிற டெஸ்க்டாப் வந்தப்ப, ஹாஸ்டல் அறை ஞாபகம் வந்துடுச்சு.

ஒரு ஆப்ல சின்னக் குறை ஒண்ணு கண்ணுல பட்டது. தேடினேன், கண்டுபிடிச்சேன், நாலு வரி மாத்தினேன், சரியாயிடுச்சு. அனுப்பினேனான்னு கேட்டா, இல்ல. ரிவ்யூவுல ஏதாவது சொல்லிடுவாங்களோ, என் கமிட் மெசேஜ் சரியில்லையோ, இங்கிலீஷ் தப்பா இருக்குமோன்னு நாலு நாள் யோசிச்சேன். அஞ்சாவது நாள் வேற யாரோ அதையே சரிபண்ணி அனுப்பியிருந்தாங்க. கிட்டத்தட்ட என் கோட் மாதிரியேதான் இருந்துச்சு. ரிவ்யூவுல ரெண்டு சின்னத் திருத்தம், அப்புறம் மெர்ஜ். அவ்வளவுதான் நடந்தது. நான் பயந்தது எதுவும் நடக்கல.

கெடுபிடியான இடங்கள்

எல்லாம் இனிப்பாச் சொல்லக்கூடாது. ஹார்டுவேர்னு வந்தா ஹாபி ஓஎஸ் எல்லாமே முட்டி போடும். க்யூஎமுவுல ஓடறது வேற, கடையில வாங்கின லேப்டாப்ல ஓடறது வேற. வைஃபை, கிராஃபிக்ஸ், தூக்கத்துல இருந்து எழுப்பறது, இதுக்கெல்லாம் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி டிரைவர் வேணும். பல சிப்புக்கு ஆவணமே வெளியில கிடையாது.

அடுத்தது மொழி. ஹாஸ்டல்ல ஒரு நண்பன் கேட்டான், "நம்ம ஓஎஸ்ல தமிழ் தெரியுமாடா?" சிரிச்சோம், ஆனா அது கஷ்டமான கேள்வி. 'கொசு'ன்னு எழுதுங்க. மெமரியில 'க' முதல்ல, அப்புறம் ஒகரக் குறி. ஆனா திரையில அந்தக் குறியோட ஒரு பாதி 'க'வுக்கு முன்னாடியும் இன்னொரு பாதி பின்னாடியும் வரணும். வந்த வரிசையில எழுத்தை வரைஞ்சுக்கிட்டே போனா இது கிடைக்காது. இதுக்குன்னு ஷேப்பிங் எஞ்சின் வேணும். ஹார்ஃப்பஸ்ங்கற லைப்ரரி இதைப் பல மொழிக்கும் செஞ்சு தருது. வெளி லைப்ரரி கூடாதுன்னா, இதையும் நாமளே எழுதணும். "எல்லாம் சொந்தம்"ங்கற விதியோட விலை இங்கிலீஷ்காரரை விட நமக்குக் கொஞ்சம் அதிகம்.

மூணாவது, பணமும் நேரமும். 2021ல க்லிங் வேலையை விட்டுட்டு, ஆதரவாளர்கள் தர்ற நன்கொடையை நம்பி முழு நேரமா இறங்கினார். எல்லாராலயும் முடியற காரியம் இல்ல. வீட்டுக்கடன் இருக்கறவங்க இதைக் கேட்டுட்டு நாளைக்கே ராஜினாமா மெயில் அனுப்பிடாதீங்க.

குழந்தை வீட்டை விட்டுப் போனது

டெஸ்க்டாப்னா பிரவுசர் வேணும். 2019ல ஹெச்டிஎம்எல் படிக்கிற ஒரு சின்ன லைப்ரரி ஆரம்பிச்சாங்க. 2020ல ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின். உதவிப் பக்கத்தைக் காட்டினாப் போதும்ங்கற அளவுல தொடங்கினது, தன்னார்வலர்கள் கைபட்டு வளர்ந்துக்கிட்டே போச்சு. 2022ல அதே எஞ்சினை லினக்ஸ்லயும் ஓட்டற மாதிரி பண்ணி லேடிபேர்டுன்னு பேர் வெச்சாங்க. கூகுள், ஆப்பிள், மொஸில்லா, இந்த மூணு பேர் கோட்ல இருந்தும் வராத ஒரு பிரவுசர் எஞ்சின்! இன்னைக்கு அதுக்குன்னு யாராவது கம்பெனி ஆரம்பிக்கறேன்னு சொன்னா சிரிப்பாங்க. இது ஒரு பொழுதுபோக்கு ஓஎஸ்ஸோட மூலையில முளைச்சது.

2024 ஜூன்ல க்லிங் ஒரு முடிவு எடுத்தார். தன் நேரமெல்லாம் பிரவுசருக்கே போகுது, அதனால லேடிபேர்டைத் தனித் திட்டமாப் பிரிச்சுக்கிட்டு, செரினிட்டியோட தலைமையில இருந்து விலகறேன்னு அறிவிச்சார். அடுத்த மாசமே கிட்ஹப்போட இணை நிறுவனர் கிறிஸ் வான்ஸ்ட்ராத்தோட சேர்ந்து லாப நோக்கமில்லாத அமைப்பா அதை மாத்தினாங்க. பிரிஞ்ச பிறகு லேடிபேர்டு "எல்லாம் சொந்தம்" விதியைத் தளர்த்தி, வெளி லைப்ரரிகளை ஏத்துக்கிச்சு. நான் சொன்ன ஹார்ஃப்பஸ் உட்பட. விளையாட்டுக்கு வெச்ச விதி வேற, ஊருக்குக் கொடுக்கற பொருளுக்கு வேண்டிய விதி வேறன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அப்ப செரினிட்டி? அதைப் பராமரிப்பாளர்கள் கையில ஒப்படைச்சுட்டுப் போனார். வேகம் முன்ன மாதிரி இருக்காதுதான். ஆனா ஆரம்பிச்சவர் போனதும் கதவு சாத்தல. எங்க ஹாஸ்டல் ஓஎஸ் நாலு பேர்ல ஒருத்தன் போனதுமே செத்துப்போச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் திறமைன்னு எனக்குத் தோணல. நாங்க யாரையும் உள்ளே வர விடல. கோடை ஒளிச்சு வெச்சோம், "கொஞ்சம் நல்லா வந்ததும் காட்டுவோம்"னு. காட்டற நாள் வரவே இல்ல. அவர் அசிங்கமா இருக்கும்போதே, பாதியில நிக்கும்போதே எல்லாருக்கும் காட்டினார். பாதியில நிக்கற வேலையிலதான் அடுத்தவங்க கை வைக்க இடம் இருக்கும்.

தம்பிக்குப் பதில்

சரி, தம்பி, எழுதுங்க. யாருக்கு வேணும்னு கேக்கறவங்களுக்கு, "எனக்கு வேணும்"னு சொல்லுங்க. லினஸ் டோர்வால்ட்ஸே 1991ல தன் கெர்னலைப் பத்தி முதல்ல சொன்னப்ப, இது வெறும் பொழுதுபோக்கு, பெருசா வராதுன்னுதான் சொன்னார். அதுக்காக உங்களோடது லினக்ஸ் ஆகிடும்னு நான் சொல்லல. பெரும்பாலும் ஆகாது. செரினிட்டியைக்கூட இன்னைக்கு யாரும் ஆபீஸ் வேலைக்குப் போட்டு ஓட்டறதில்ல.

முதல்ல சொன்னேன்ல, ஜெயிக்கறதுன்னா என்னன்னு கடைசியில பேசலாம்னு. அந்த ஓஎஸ்னால ஒரு மனுஷன் தன் கெட்ட நாட்களைத் தாண்டினார். கம்ப்யூட்டரோட அடிவயிறு வரைக்கும் நூத்துக்கணக்கானவங்க போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. ஒரு பிரவுசர் பிறந்துச்சு. எத்தனை பேர் இன்ஸ்டால் பண்ணாங்கங்கறது இந்தக் கணக்குல எங்கயும் வரல.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டே யோசனை. முதல் எழுத்து திரையில வந்த அன்னைக்கே ரெப்போவைப் பொதுவில வைங்க, அசிங்கமா இருந்தாலும். பேர் வைக்க மூணு நாள் எடுத்துக்காதீங்க. அப்புறம், வேற யாரோட திட்டத்துலயாவது நாலு வரி சரிபண்ணியிருந்தா, அன்னைக்கே அனுப்பிடுங்க. அஞ்சாவது நாள் வரைக்கும் காத்திருந்தவன் சொல்றேன்.

இந்த எபிசோடுக்குத் தயார் பண்ணும்போது எங்க பழைய ரெப்போவைத் தேடி எடுத்தேன். பூட் ஆகுது! க்யூஎமுவுல கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கீபோர்டு வேலை செய்யுது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ரொம்ப நாளா யாரும் பேசாத எங்க நாலு பேர் குரூப்ல போட்டேன். பத்து நிமிஷத்துல ஒருத்தன் பதில் போட்டான்: "ஃபைல் சிஸ்டம், நாளைக்கா?"

ரெப்போவை நேத்து ராத்திரி பப்ளிக் ஆக்கிட்டேன். ஃபைல் சிஸ்டத்துக்கு ஆள் தேவை.